பிங்கம் மூப்பரின் உபவாசம்

பல் வலி என்று பவோங்கோ சொன்னதும் பிங்கம் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தான்.

"எந்தப் பல்லு?"

"எல்லாந்தான்" என்றான் பவோங்கோ, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து இருவரும் லிசியாத்தே வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வாழையிலையில் முழுசாக ஒரு பன்றிக்குட்டி. குழி அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது. பக்கத்தில் ஈரப்பலா, வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் கட்டி வேகவைத்த லூ பொட்டலங்கள். பத்துப் பேர் சாப்பிடலாம். உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். அதில் ஒருவனுக்குப் பல் வலி.

இவர்கள் இருவரும் மோர்மன் சபைக்கு ஆள் சேர்க்க, பசிபிக் கடலில் தொங்கா நாட்டைச் சேர்ந்த இந்தத் தீவுக்கு வந்த பையன்கள். பிங்கம் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு போடுகிறவர் மகன். பவோங்கோ நம் தொங்காக்காரன்தான், தலைநகரில் வளர்ந்தவன். கதவில் குனிந்து நுழைகிற ஆகிருதி. அந்தச் சபையில் இவர்களை மூப்பர் என்றுதான் கூப்பிட வேண்டும். மீசை கூட ஒழுங்காக முளைக்காத பயலுக்கு மூப்பர் பட்டம்! கேட்டால் வேதத்தில் இருக்கிறது என்பார்கள். வேதத்தில் என்னதான் இல்லை?

ஒருவனை விட்டு ஒருவன் நகரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அந்தச் சட்டத்தால் பிங்கமுக்கு இதுவரை லாபம்தான். போன வீட்டிலெல்லாம் தன் பங்கை மெல்ல பவோங்கோ பக்கம் தள்ளிவிடுவான். பவோங்கோ கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுவான். பவோங்கோ ஜோடி சேர்ந்த ஐந்து மாதமாக இப்படித்தான் பிழைப்பு ஓடியது. இன்று பார்த்து அந்த வாய் மூடிக்கொண்டது.

"கொஞ்சம் கஞ்சியாவது குடியேன்டா."

"பல்லுடா பிங்கம். சொன்னாப் புரியாதா?"

லிசியாத்தே தென்னோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வார நாட்களில் படகு ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபைக்குத் தலைவர். அவர் மனைவி கலோலைனே எதிரே உட்கார்ந்து பிங்கமின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி எழுந்த பிறகுதான் இங்கே வீட்டுக்காரர்கள் கை நனைப்பார்கள். அதனால் பிங்கமுக்கு வேறு வழி கிடையாது. தின்று முடித்தால் மறுபடி வைப்பார்கள். மிச்சம் வைத்தால் முகம் சுருங்கிவிடும்.

"மெதுவா சாப்பிடுங்க மூப்பரே. என்ன அவசரம்?" என்றார் லிசியாத்தே.

"மூணு மணிக்கு போன் வரும் தலைவரே. அம்மா கூப்பிடுவாங்க."

"வரும், வரும். போன் எங்க போகப்போவுது? கலோலைனே, அந்தக் காலை அறுத்து மூப்பருக்கு வை."

போன் விஷயத்தில் பிங்கம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டோடு பேச அவர்களுக்கு வருஷத்தில் இரண்டே நாள்தான் அனுமதி. கிறிஸ்துமஸ் ஒன்று, மே மாதம் அன்னையர் தினம் ஒன்று. தீவிலிருந்த ஒரே போன் கீழ்க்கோடியில் தெமலேத்தி கடையில் இருந்தது. அதில் பேசினால் எதிர்முனை சத்தம் தெருவுக்கே கேட்கும். போன மே மாதம் அவன் அம்மா பேசத் தொடங்கியதும் அழுதுவிட்டாள். கடையில் சோப்பு வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். இவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அழறதுன்னா எதுக்கும்மா கூப்பிடறே?" என்று போனை வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து ஏழு மாதமாக அந்த வார்த்தை அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. கடிதத்தில் எழுதிப் பார்த்தான், சரியாக வரவில்லை. வாயால் சொல்ல வேண்டும், இன்று சொல்ல வேண்டும். விட்டால் அடுத்த மே மாதம்தான்.

மூன்றாவது லூவையும் உள்ளே தள்ளிவிட்டு எழுந்தான். கலோலைனே ஓடிப்போய் நாலாவதை எடுத்து வந்தாள். அதையும் தின்றான். ஜெபம் செய்துவிட்டுப் போகலாம் என்றார் லிசியாத்தே. அவர் ஜெபம் கப்பல் பயணம் மாதிரி. ராஜகுடும்பத்தில் தொடங்கி, மீன்பிடி வலைகளைத் தொட்டு, எல்லாத் தீவுகளையும் சுற்றி வந்துதான் கரை சேரும்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது மணி இரண்டு. நேரே கடைக்குப் போய்விடலாம் என்று மிதித்தான். வழியில் செய்னி வீடு.

செய்னி விதவை. வாசலிலேயே பாயை விரித்து, பாதையை மறித்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க ஓடுறீங்க? ஏழை வீட்டுச் சோறுன்னா எறங்காதோ?"

"ஐயோ அம்மா, அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப உக்காருங்க. ஒரே ஒரு குட்டிதான் வளத்தேன். உங்களுக்குத்தான் அடிச்சேன்."

பிங்கம் பாயில் வெந்து கிடந்த பன்றியைப் பார்த்தான். பன்றியும் அவனைப் பார்த்தது. பவோங்கோவைப் பார்த்தான். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான். அப்போதுதான் அந்தப் புத்தி தோன்றியது. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவனுக்குத் தோன்றுகிற புத்தி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"நான் இன்னைக்கு உபவாசம்" என்றான்.

செய்னி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "லிசியாத்தே வீட்ல நாலு லூ தின்னீங்களாமே?"

இந்தத் தீவில் செய்தி சைக்கிளுக்கு முன்னால் போய்விடும்.

"அது... அதுக்கப்புறந்தான் ஆரம்பிச்சேன்."

"கிறிஸ்துமஸ் அன்னைக்கா? எதுக்காக?"

அவர்கள் சபையில் சும்மா பட்டினி கிடக்க மாட்டார்கள். யாருக்காக, எதற்காக என்று சொல்ல வேண்டும். பிங்கமுக்கு மனசில் இருந்தது ஒரே ஆள்தான். அதனால் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

"எங்கம்மாவுக்காக. அவங்களுக்கு உடம்பு சரியில்ல."

செய்னியின் கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. மனசுல பட்டுச்சு."

அவ்வளவுதான். செய்னி பவோங்கோவைப் பார்த்தாள். பவோங்கோ தரையைப் பார்த்தான். கிழவி அப்படியே மண்டி போட்டு, தோள் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். "மூப்பருக்கு ஆவியானவர் காட்டிட்டாராம்!" என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நம் ஜனங்கள் நம்புவதற்கென்றே பிறந்தவர்கள். வானிலை அறிக்கையைக் கூட நம்புவார்கள்.

பிங்கம் பயந்துபோனான். கொஞ்சம் இறக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. சும்மா வயித்து வலிதான்."

"வயித்துலயா!" என்று செய்னி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மற்றவர்களும் அழ ஆரம்பித்தார்கள்.

"டேய், ஏதாவது சொல்லேன்டா" என்று, பவோங்கோ ஆராதனைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த ஓலைப் பாயைப் பிடித்து இழுத்தான் பிங்கம்.

"நீதான் சொல்லிக்கிட்டு இருக்கியே" என்றான் பவோங்கோ. அவன் குரலே சரியில்லை.

அங்கே ஒரு ஜெபம் நடந்தது. அடுத்த வீட்டு வாசலில் இன்னொன்று. அதற்கடுத்த வீடு வெஸ்லியன் என்கிற எதிர்ச் சபைக்காரர் வீடு. மோர்மன் பையன்களைக் கண்டால் வழக்கமாக நாயை அவிழ்த்து விடுகிற வீடு அது. அந்த வீட்டுக் கிழவனே வெளியே வந்து பிங்கமின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினான். அடுப்பைத் திறந்து எடுத்த பன்றிகள் வீட்டுக்கு வீடு வாழையிலைக்குக் கீழே ஆறிக் கிடந்தன. ஒருத்தரும் தொடவில்லை. ஊரே வருஷம் முழுக்கக் காத்திருந்து தின்கிற ஒரு வேளையைத் தன் நாக்கு கெடுத்துவிட்டது என்று பிங்கமுக்கு உறைத்தது.

லிசியாத்தே மூச்சிரைக்க ஓடி வந்தார். "மூப்பரே, உங்களுக்கு வேற என்ன காட்டுச்சு? சொல்லுங்க!"

தப்பிக்க இதுதான் வழி என்று பிங்கம் நினைத்தான். ஒரு பொய்யால் வந்த நோயை இன்னொரு பொய்யால் குணமாக்கிவிட்டால் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

"குணமாயிடுச்சுன்னு காட்டுச்சு."

"நெசமாவா? எப்ப?"

"இப்பத்தான். வர்ற வழியில. அதனால எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

ஒருத்தரும் போகவில்லை. லிசியாத்தே வானத்தைப் பார்த்தார், பிறகு கடை இருக்கும் திசையைப் பார்த்தார். "மூப்பரே, சோறு எங்கயும் போகாது. வாங்க, போன்ல காதால கேட்டுட்டுச் சாப்பிடுவோம். நாங்களும் உங்ககூட வர்றோம்."

"வேணாம் தலைவரே. நான் மட்டும் போய்..."

"உங்களைத் தனியா விட்டுடுவோமா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிங்கம் நடந்தான். பின்னால் ஊர் நடந்தது. பெண்கள் பாட்டை எடுத்தார்கள். நம் ஆட்கள் பாட ஆரம்பித்தால் நாலு குரலில் பாடுவார்கள், நடை தானாக மெதுவாகிவிடும். இவன் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. மூன்று மணி எப்போதோ போய்விட்டது. அம்மா கூப்பிட்டு, யாரும் இல்லையென்று வைத்திருப்பாள். மே மாதம் போல மறுபடியும் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள். வைக்காமல் இருந்தாலோ அதைவிட மோசம். அவள் உற்சாகமாக, "எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்?" என்பாள். அது தெருவுக்கே கேட்கும். பட்டினியாக நிற்கிற இத்தனை முகமும் இவன் பக்கம் திரும்பும்.

தெமலேத்தி கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வெஸ்லியன் சபைக்காரி. இவனை ஒருநாளும் மூப்பர் என்று அவள் கூப்பிட்டதில்லை.

"போன் வந்துச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் வரல தம்பி."

"மூணு மணிக்குன்னு சொன்னாங்களே!"

"வரலன்னா வரல. நானா போய்க் கூட்டிட்டு வர முடியும்?"

ஜனங்கள் கடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தார்கள். வயதானவர்கள் களைத்துப்போய்த் தென்னை மரத்தில் சாய்ந்தார்கள். கலோலைனேயின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. யாரோ ஒருத்தி கடைப்படியில் தலை சுற்றிக் குந்தினாள். பிங்கமின் வயிற்றில் மட்டும் நாலு லூவும் ஒரு பன்றித் தொடையும் கல்லாகக் கிடந்தன.

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

"நான் பொய் சொன்னேன்" என்றான்.

பாட்டு நின்றது.

"எனக்கு எதுவும் காட்டல. நான் உபவாசமும் இல்ல. சாப்பாட்டுலேர்ந்து தப்பிச்சு சீக்கிரமா போனுக்கு வரணும்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. என்னை மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

உதை விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் கோபம் வந்ததாகவும் தெரியவில்லை. செய்னி தோள் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். லிசியாத்தே குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னவனை ஏன் யாரும் திட்டவில்லை என்று அவனுக்குப் புரியவே இல்லை.

"கேக்குதா? நான் பொய் சொன்னேன்!" என்று கத்தினான்.

"கேக்குதுடா. உக்காரு" என்றான் பவோங்கோ.

அப்போது போன் அடித்தது.

பிங்கம் பாய்ந்தான். பவோங்கோ அவன் தோளைப் பிடித்து அமுக்கினான். மலை அமுக்கினால் எப்படி எழுந்திருப்பது? லிசியாத்தேதான் உள்ளே ஓடினார். நியூசிலாந்தில் கப்பல்துறையில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் பேசுவார். உள்ளே அவர் "ஆமா... ஆமா..." என்பது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வெளியே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினார்.

அதைப் பார்த்ததும் கூட்டம் முழுக்க "ஆமென்" என்றது. பவோங்கோ பிடியை விட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரித் தேம்பினான். "ஏய், யாராவது ஒரு லூ குடுங்கய்யா" என்றான்.

"உனக்குப் பல் வலியாச்சே!" என்றான் பிங்கம்.

தெமலேத்தி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"போ தம்பி, உங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு."

"அப்பாவா? நான் அம்மாகிட்டதான் பேசணும். அம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்க."

"இன்னைக்கு அவங்களால பேச முடியாது. இன்னும் ரெண்டு மூணு நாளைக்கும் முடியாதாம்."

"ஏன்? எங்கம்மாவுக்கு என்ன?"

தெமலேத்தி காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "வயித்துல ஆபரேஷன் தம்பி, பொழச்சுட்டாங்க, அது முடியற வரைக்கும் உனக்குச் சொல்லாதீங்க, போன் பக்கம் விடாதீங்கன்னு உங்கப்பா நேத்து கெஞ்சினாரு, அதுலேர்ந்து இந்தத் தீவுல உன்னைத் தவிர ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடல."