விளம்பரத்துக்குப் போணி செய்த காயில்காரர்

தன் விளம்பரத்துக்குத் தானே தினமும் கற்பூரம் காட்டுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பாகூரில் இருந்தார். கருகிப்போன மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். கடைக்கு ஒரு பெயர் உண்டு, அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் உண்டு. இரண்டையும் யாரும் உபயோகித்ததில்லை. ஊருக்கு அவர் காயில்காரர்.

நடவு நேரத்தில் வோல்டேஜ் தன் இஷ்டத்துக்கு ஆடும். போர்வெல் மோட்டார்கள் வரிசையாகக் கருகும். அவையெல்லாம் அவர் கடை வாசலில்தான் வந்து இறங்கும். அது ஒரு காலம். பிறகு பைபாஸ் பக்கம் கண்ணாடி போட்ட கடை ஒன்று வந்தது. மோட்டார் கருகினால் ஜனங்கள் முதலில் போனில் தேட ஆரம்பித்தார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்த என்னிடம் ஒரு நாள் வந்து நின்றார்.

"தம்பி, போன்ல தேடுனா நம்ம கடதான் மொதல்ல வரணும். இந்த நடவுக்கும் வேல வரலன்னா சட்டர எறக்கிட்டு மச்சான் கூப்புடற வாட்ச்மேன் வேலைக்கிப் போயிடுவேன். சொல்ட்டேன்."

முப்பது வருஷம் செம்புக் கம்பி சுற்றிய கை, ஏதோ ஒரு கம்பெனி கேட்டைத் திறந்து சல்யூட் அடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உடனே விளம்பரம் போட உட்கார்ந்தேன். யார் விளம்பரத்தைத் தட்டினாலும் ஒவ்வொரு தட்டுக்கும் நம் காசு போகும், ஒரு நாளைக்கு வைத்த தொகை தீர்ந்ததும் அன்றைக்கு விளம்பரம் மறைந்துவிடும் என்று விளக்கினேன். எல்லாம் புரிந்தவர்போல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

"பாகூர் சுத்துவட்டாரத்துல, போர் மோட்டார் ரிப்பேர்னு தேடறவங்களுக்கு மட்டும் காட்டுவோம்ணா" என்றேன்.

"இன்னாத்துக்கு இந்தக் கஞ்சத்தனம்? இந்தியா முழுக்க வுடு. மோட்டார்னு எவன் தேடுனாலும் நம்ம மூஞ்சி தெரியணும்."

தெரிந்தது. வடக்கே ஏதோ ஆப்பிள் தோட்டத்திலிருந்து ஒருவர் இந்தியில் பேசினார். டிரைவிங் கிளாஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பெண் கேட்டாள். கடற்கரைக்குச் சுற்றுலா வந்தவர்கள் மோட்டார் படகு வாடகை விசாரித்தார்கள். அவர்களிடம் இவர், "படகு மோட்டாரு கருகிடுச்சா?" என்று ஆசையோடு கேட்டார். ஒரு வாரம் இந்தியாவை ஆண்டபின், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். ராஜ்யத்தை நான் பிடுங்கிக்கொண்டதுபோல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அப்படியும் வேலை வரவில்லை. காலை எட்டரைக்கெல்லாம் அன்றைய காசு தீர்ந்து விளம்பரம் மறைந்துகொண்டிருந்தது. என்ன கண்றாவி என்று பார்க்க ஒரு நாள் காலையிலேயே கடைக்குப் போனேன். ஸ்டூல்மேல் போன். போனுக்கு எதிரே கற்பூரம். திரையில் முதல் வரியில் இவர் கடை. கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு தட்டு தட்டினார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?"

"போணி பண்றேன் தம்பி. மொத கை நம்ம கையா இருந்தா ராசி."

"அது உங்க காசுண்ணா!"

"நம்ம காசு நம்ம விளம்பரத்துக்குத்தான போவுது? எதிரி கடைக்கா போவுது?"

சென்டருக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். ஆனால் ஒரு தட்டில் ஒரு நாள் காசு தீராதே? மிச்சத்தைத் தட்டுவது யார்?

விடை ஏம்பலத்தில் கிடைத்தது. அவர் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. கறிச்சோற்றுக்காக நானும் போயிருந்தேன். சாப்பாட்டு நடுவில் காயில்காரர் மைக்கைப் பிடித்தார்.

"மொய் எழுதறவங்க புள்ளைக்கி எழுதுங்க. எனக்கு எதனா செய்யணும்னா போன எடுத்து நம்ம கட விளம்பரத்த தெனம் ஒரு தட்டு தட்டுங்க. அதான் எனக்கு மொய்!"

பந்தலே போனைத் தூக்கியது. பக்கத்து இலைக்காரரை விசாரித்தேன். ஒரு மாதமாக எல்லா விசேஷத்திலும் இதையேதான் சொல்லி வந்திருக்கிறார்.

நம் ஜனங்கள் எதில் தவறினாலும் மொய்யில் தவற மாட்டார்கள். காயில்காரரின் சுத்துக்கேணி சித்தப்பா பால் கறந்த கையோடு தட்டுவார். நெட்டப்பாக்கத்து அத்தை தன் போனில் ஒன்று, புருஷன் போனில் ஒன்று. எல்லோரும் தட்டி முடித்தபின், நிஜமாகவே மோட்டார் கருகிய ஒருவன் வரப்பில் நின்று பத்து மணிக்குத் தேடினால், பைபாஸ் கடை பல்லைக் காட்டும்.

மறுநாள் அவரை உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை நிஜமாகவே புரிந்துவிட்டது.

"அப்ப எல்லாரும் பாசத்துல தட்டித் தட்டியே என்னக் காலி பண்றாங்களா?"

"ஆமாண்ணா. போன் போட்டுத் தட்ட வோணாம்னு சொல்லிடுங்க."

"எப்பிடிப்பா சொல்றது? மொய் வைக்க வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்பறதா?" ஒரு காலி மோட்டாரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். "நீ விளம்பரத்த நிறுத்திடு. காரணம் யாருக்கும் சொல்லாத."

வாட்ச்மேன் வேலைக்குப் போனாலும் போவாராம், அத்தை மனம் கோணக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நிறுத்தினேன்.

அடுத்த நாள் சித்தப்பா பால் கறந்துவிட்டுத் தேடினார். விளம்பரம் இல்லை. வேலை இல்லாமல் கடையை மூடப்போகிறான் என்று முடிவு கட்டி ஊர் ஊராகப் போன் போட்டார். பத்து மணிக்குள் கடை வாசலில் பைக்குகள், ஒரு மினி வேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகம். ஆனால் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கொட்டகையில் கருகிக் கிடந்த மோட்டார்கள், சுற்றாத ஃபேன்கள், பக்கத்து நிலத்துக்காரர்களின் பம்புகள் என்று தூக்கி வந்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் கடையில் கால் வைக்க இடமில்லை.

"இத்தினி நாளா இதெல்லாம் வூட்லயா கெடந்துது?" என்றார் காயில்காரர், நம்ப முடியாமல்.

"நீ விளம்பரத்ததான தட்டச் சொன்ன? மோட்டார எடுத்துக்கிட்டு வான்னு என்னிக்காவது சொன்னியா?" என்றாள் நெட்டப்பாக்கத்து அத்தை.

வாட்ச்மேன் வேலைக்கு மச்சான் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நானும் ஒரு துணிப்பையோடு போனேன்.

"இன்னா தம்பி?"

"மிக்ஸிண்ணா. சத்தம் வருது."

ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா, லேசா வருது. வச்சிட்டுப் போ, ரெண்டு நாளு ஆவும்."

அந்த மிக்ஸிக்கு ஒரு குறையும் இல்லை என்று அவருக்கும் தெரியும். இரண்டு நாள் சட்னி இல்லாத இட்லியைச் சந்தோஷமாகவே சாப்பிட்டேன்.