டாவியின் ஆலையும் என் இருமலும்

1764, அக்டோபர்

மரியாதைக்குரிய கெசையா சித்திக்கு, உங்கள் அக்கா மகள் தாமசின் பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, பசுக்கள் இரண்டும் சுகம். பிரிஸ்டலில் நீங்களும் உங்கள் பள்ளிக்கூடமும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். பள்ளியில் சேர நான் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதப்போகிறேன்.

எங்கள் ஊர் மாவு ஆலை தருமாஸ்பத்திரியின் சொத்து என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி தன் நிலத்தையும் ஆலையையும் வருஷக் கணக்கில் குத்தகைக்கு விடுவதில்லை, உயிர்க் கணக்கில் விடுகிறது. பத்திரத்தில் மூன்று பேர் பெயரை எழுத வேண்டும். மூவரில் ஒருவர் மூச்சு விடும்வரை குத்தகை செல்லும். கடைசி ஆளும் போய்விட்டால் சொத்து ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடும். ஆலைக்காரர் ஜோப் டாவி தன் அப்பாவையும், அண்ணனையும், பிறந்து ஒன்பது நாளான என்னையும் எழுதினார். ஞானஸ்நானத்தில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, இது லேசில் போகிற உயிர் இல்லை என்று தீர்மானித்தாராம். அவருடைய அப்பா வயதாகி இறந்துபோனார். அவருடைய அண்ணன் சென்ற பிப்ரவரியில் வெள்ளத்தில் போனார். மிச்சம் நான்.

அதிலிருந்து நான் ஆப்பிள் மரத்தில் ஏறக் கூடாது, ஆற்றோரம் போகக் கூடாது, போனால் டாவி மாவுக் கையோடு ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விடுவார், மழை பெய்தால் என் தலையில் போர்த்தச் சாக்கோடு வருவார், தினமும் கோழிச் சாறு கொடுத்தனுப்பி நான் குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பார், அப்படியும் செப்டம்பர் கடைசியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக் காரியஸ்தர் லாங்மன் சொத்துக்களைப் பார்வையிட வந்தார். ஆலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இருமல் எத்தன நாளா இருக்கும்மா?"

"மூணு நாளா, ஐயா."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்படியா," என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவர் கெட்டவர் அல்ல. ஆலை கைக்கு வந்தால் அதிக வாடகைக்கு விட்டு ஆறு நோயாளிகளுக்குக் கட்டில் போடலாம் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது நியாயம்தான்.

இந்தச் சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது. டாவி மூச்சிரைக்க வந்தார்.

"பிரிஸ்டலா? அங்க வீட்டுக்கு வீடு பெரியம்மை. இவளுக்கு இன்னும் அம்மையே போடல, தாயி."

"இவ எம்பொண்ணுண்ணே," என்றாள் அம்மா. "உங்க ஆலைக்கு முட்டுக்கொடுத்த தூண் இல்ல."

"இவ தும்முனா எனக்குல்ல காய்ச்சல் வருது."

"அப்ப வேற உயிரைப் பாத்துக்குங்க. இவ படிக்கப் போறா."

அப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. உரிய தொகையைக் கட்டினால், ஆஸ்பத்திரி ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுத விடும். நோயாளிகள் படுத்திருக்கும் கூடத்தில் கூரை ஒழுகுவதால் லாங்மன் உடனே சம்மதித்தார். நேற்று டாவி நகரத்துக்குப் போய் என் பெயரை எடுத்துவிட்டார். இன்று கோழிச் சாறு வரவில்லை. அவர் முன்னால் போய் வேண்டுமென்றே இரண்டு முறை இருமினேன். சக்கரத்துக்குக் கொழுப்புத் தடவுவதை அவர் நிறுத்தவில்லை. மனதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை பிரிஸ்டலுக்குக் கம்பளி ஏற்றிப் போகும் வண்டியில் புறப்பட்டு, சனிக்கிழமை உங்கள் பள்ளியில் இருப்பேன்.

பெட்டியைக் கட்டிவிட்டேன். அம்மாவும் அப்பாவும் அன்பைச் சொல்கிறார்கள். உங்களை மணக்கப்போகும் ஆசிரியருக்கு என் வணக்கம். கடவுள் உங்களைக் காப்பாராக.

உங்களுக்குக் கீழ்ப்படிந்த,
தாமசின்

பின்குறிப்பு: டாவி இப்போதுதான் வந்து போனார். புதிதாக யார் பெயரை எழுதினீர்கள் என்று அம்மா கேட்டாள். "அம்மை போட்டுப் பொழச்ச ஒடம்பு, முப்பது வயசுகூட ஆகல. இதைவிட நல்ல உயிர் எங்க கெடைக்கும்?" என்றார். அது நீங்கள்தான் சித்தி. பெயர் எழுத உரியவரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் இல்லையாம். பிள்ளைப்பேறு ஆபத்தானது என்பதால் நீங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டுமாம். அதை நேரில் வந்து எடுத்துச்சொல்லப் போகிறார். கம்பளி வண்டியில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதை அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த வண்டி வசந்தத்தில்தான்.

அம்மா மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.