மாப்பிள்ளையோடு வந்த மீன்

ஆசைப்பட்டதைச் சாமியிடம் கேட்கலாம். தரக்கூடாததைச் சாமி தராது. மச்சினனிடம் மட்டும் கேட்கக் கூடாது. அவன் பாவம், கொண்டுவந்துவிடுவான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். கோவில்பட்டியில் சின்னதாகப் பெயிண்டுக் கடை வைத்திருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி. காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, அப்படியே தொட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டுவேன். குழாயில் தண்ணீர் வந்தாலே தெரு கூடிப் பேசுகிற ஊர் எங்களுடையது. அதில் ரெண்டு குடம் மீனுக்குப் போகும்.

"மனுசன் குளிக்கத் தண்ணியக் காணும், இவிய மீனுக்கு அபிஷேகம் பண்ணுதாவ" என்பாள் என் மனைவி பேச்சியம்மாள். தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வெளியே அடிக்கிற வெயிலும் மறந்துபோகும், அவள் ஏச்சும் மறந்துபோகும். இப்போது நினைத்தாலும் அந்தப் பச்சை வெளிச்சம் கண்ணுக்குள் நிற்கிறது.

அவள் தம்பி முருகேசன் சிங்கப்பூரில் வெல்டர். கயத்தாற்றில் பெண் அமைந்து, ஜாதகம் பொருந்தி, பூ வைத்து உறுதி செய்ய லீவில் வருகிறான். டெலிபோன் பூத்தில் நின்று பேசும்போது மெதுவாகப் போட்டுவைத்தேன்.

"மாப்ளே, நெத்தி புடைச்ச செவப்பு மீன் ஒண்ணு இருக்காம்லா, வாஸ்து மீனுன்னு. சின்னதா ஒண்ணு..."

(அதே மீன் மெட்ராஸிலேயே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'சிங்கப்பூர் மீன்' என்று கடைக்கு வருகிற நாலு பேரிடம் சொல்லவேண்டாமா?)

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான் கார் பிடித்துப் போனேன். அங்கிருந்து நேரே கயத்தாறு. பூவும் தாம்பாளமுமாகப் பேச்சியம்மாள் பெண் வீட்டில் காத்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் நல்ல நேரம் முடிகிறது.

விமானம் வந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள், முருகேசன் வரவில்லை. கடைசியில் ஒரு காவலாளி வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே போனால், மடியில் தண்ணீர்ப் பையோடு, பிள்ளை பெற்றவளைப்போல உட்கார்ந்திருக்கிறான் மாப்பிள்ளை.

"மீன் உங்களுக்கா?" என்றார் கஸ்டம்ஸ் அதிகாரி. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. "கொண்டு வர அனுமதி வாங்கினீங்களா? நோய் இல்லேன்னு அந்த நாட்டுச் சான்று இருக்கா?"

"நல்லா துள்ளுதுல்லா சார். நோய் இருந்தா துள்ளுமா?"

"நோய் வெளிய தெரியாது. இந்தத் தண்ணிய நீங்க வாறுகால்ல கொட்டுவீங்க. அது ஓடைக்குப் போகும், கண்மாய்க்குப் போகும். அங்க உள்ள மீனெல்லாம் சாகும்."

"எங்க ஊரு ஓடையில தண்ணி போனாத்தான சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "காலையிலதான் அர்ச்சனை பண்ணிட்டு வாரேன் சார்."

"மீன் பேருக்கா?"

"மாப்பிள்ளை பேருக்குத்தான். மீனும் கூடத்தான வருது."

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. தனியே வைத்துப் பார்க்காமல் வெளிநாட்டு மீனை உள்ளே விட முடியாது என்று அவர் சொன்னதும், எட்டாங்கிளாஸ் வரை படித்த என் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வோம்?

"நான் தனியா வச்சுக்கிடுதேன் சார். நிலையில வேப்பிலை சொருகிருதேன். வெளியாளு ஒருத்தரையும் அண்ட விடமாட்டேன். தலைக்கு மூணு தண்ணி ஊத்தின பெறகுதான் மத்த மீனோட சேப்பேன்."

நான் நீட்டிய பொட்டலத்தை அவர் என் பக்கமே தள்ளினார். "அண்ணாச்சி, நாங்களும் வேப்பிலைதான் சொருகி வச்சிருக்கோம். நீங்கதான் அதத் தாண்டி உள்ள வாரீங்க."

அம்மன் வாசலில் செருப்போடு நின்றவன் மாதிரி ஆகிவிட்டேன்.

மீனை ஒப்படைத்து முருகேசன் கையெழுத்துப் போட நேரமாகும் என்றார்கள். வெளியே பூத்துக்கு ஓடிப் பெண் வீட்டுக்குப் போன் போட்டேன். பெண்ணின் அப்பா எடுத்தார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளைய கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சுட்டாவ. கொண்டாந்ததக் குடுத்தாத்தான் விடுவாவளாம்..."

அதோடு லைன் அறுந்தது.

கயத்தாறு போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பூ வாடிக் கிடந்தது. பேச்சியம்மாள் அழுது முகம் வீங்கியிருந்தாள். பெண்ணின் அப்பா வாசலை மறித்து நின்றார்.

"என்ன கடத்துனீய? தங்கமா, பவுடரா?"

"மீனு அண்ணாச்சி."

"மீனு வாங்கவா சிங்கப்பூர் போணும்? தூத்துக்குடியில பெட்டி பெட்டியா எறங்குது."

யாரும் நம்பவில்லை. தாம்பாளத்தைத் திருப்பித் தருகிற பேச்சு வந்துவிட்டது. அவர்கள் பூஜையறை முன்னால் சூடம் ஏற்றச் சொல்லி, "மீனைத் தவிர வேறொன்றும் இல்லை" என்று சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். சாமி பேரில் நான் செய்த ஒரே சத்தியம், ஒரு மீனுக்காக.

அப்போதும் அவர் அசையவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பெண் கேட்டாள்: "அந்த மீன் இப்ப எங்க இருக்கு?"

முருகேசன் நிமிர்ந்தான். "அவிய கையில குடுத்துட்டேன். வழி முழுக்க மடியிலயே வச்சிருந்தேன். திரும்பி வரயில என்னையவே பாத்துச்சு."

உள்ளே அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, இவியளால தங்கமெல்லாம் கடத்த முடியாது" என்றாள். பெரியவர் வழியை விட்டார். மறுநாள் நல்ல நேரத்தில் புதுப் பூ வைத்தோம்.

கல்யாணம் முடிந்து பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றும் கயத்தாற்று வீட்டுக்கு விசேஷம் என்று போனால், பெரியவர் எல்லோரையும் வாங்க வாங்க என்று உள்ளே விடுவார். என்னை மட்டும் வாசலில் நிறுத்துவார்.

"அண்ணாச்சி, பையத் தொறங்க."

நானும் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.