லொறிக்கடியில் ஒரு பாவசங்கீர்த்தனம்

பொய் சொல்லி வேலை எடுத்தவன், வேலைக்கு உழைப்பதைவிடப் பொய்க்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். லண்டன் எட்மண்டனில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் யூஜின் அண்ணையிடம் லொறி ஓட்டக் கேட்டுப் போனபோது, மன்னாரில் ஆறு வருடம் கராஜில் வேலை செய்ததாகச் சொல்லிவிட்டேன். (கராஜுக்குப் பக்கத்துச் சலூனில் பேப்பர் வாசித்தது உண்மை.) என்னோடு இன்னும் இரண்டு பேர் அந்த வேலைக்குக் கேட்டிருந்தார்கள். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வேலை போனால் நடுத்தெருதான்.

இரண்டாம் கிழமையே மாட்டிக்கொண்டேன். மறுநாள் தைப்பொங்கல். முந்தின மாலையே சாமான் ஏற்றிப் பூட்டிய டீசல் லொறி தோர்ண்டன் ஹீத் கடைக்குப் போக வேண்டும். இரவு கொடுங்குளிர். காலையில் வெயில் ஏறும்போது பார்த்தால், என்ஜின் பக்கம் நிலத்தில் சிவப்பாகச் சொட்டுகிறது.

"கராஜிலை இருந்த ஆள்தானே, என்னெண்டு பாரும்" என்றார் அண்ணை.

கழிவறைக்குள் போய்ப் போனில் வீடியோ பார்த்தேன். குளிரில் றப்பர் குழாய் சுருங்கி, என்ஜினைக் குளிர வைக்கும் சிவப்புக் கூலன்ட் கசியும், என்ஜின் சூடானால் நின்றுவிடும் என்றது. லொறிக்கடியில் காட்போட் மட்டை விரித்து, என்ஜினை ஓடவிட்டேன். சொட்டு நிற்கவில்லை, கூடியது. கூலன்ட் டாங்கியைப் பார்த்தால் துளியும் குறையவில்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தை மறைக்கல்வி வகுப்பில் கேள்விப்பட்டிருக்கிறேன், லொறியில் கண்டதில்லை.

அடியில் படுத்து, கைக்கு எட்டிய திருகாணியையெல்லாம் முறுக்கினேன். (எது எதற்கென்று கேட்காதீர்கள்.) அண்ணாந்து வாய் பிளந்து யோசித்தபோது ஒரு சொட்டு நேரே நாக்கில் விழுந்தது. இனித்தது. வீடியோவின் கடைசி எச்சரிக்கை நினைவுக்கு வந்தது: கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம்.

கால் விறைத்தது. (ஐஸ் நிலத்தில் அரை மணி நேரம் படுத்தால் யாருக்கும் விறைக்கும்.) தவழ்ந்து வெளியே வந்து அண்ணையின் கையைப் பிடித்தேன். "அண்ணை, நான் விஷம் குடிச்சிட்டன். சாகமுதல் ஒண்டு சொல்லவேணும். நான் ஒருநாளும் கராஜிலை வேலை செய்யேல்லை. மனிசியைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனவர், குனிந்து என் ஜக்கெற்றை மணந்து பார்த்தார். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, போய் லொறியின் பின்கதவைத் திறந்தார். முன்பக்கம் நான் அடுக்கிய சிவப்புச் சோடாப் போத்தல்கள் இரவுக் குளிரில் உறைந்து வெடித்து, இப்போது வெயிலில் இளகிக்கொண்டிருந்தன. லொறி சரிவில் நின்றதால் எல்லாம் என்ஜின் பக்கம் வழிந்திருக்கிறது.

"சோடா குடிச்சு ஆரும் சாகிறேல்லை" என்றார். உயிர் பிழைத்ததற்காக அவ்வளவு வருந்தியவன் லண்டனிலேயே நான் ஒருவன்தான். சொன்னதைத் திரும்ப விழுங்கவா முடியும்?

"உம்மோடை வேலை கேட்ட மற்ற ரெண்டு பேரும் தாங்கள் கராஜிலை இருந்தவை எண்டுதான் சொன்னவை. அவையள் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. ஏறும், பொங்கலுக்குச் சாமான் போகவேணும்" என்றார் அண்ணை.

மகள் பிறந்தபோது அண்ணைதான் ஞானத்தகப்பன். ஞானஸ்நான விருந்தில் என் கையில் சோடாவைத் தந்து, "குடிக்கமுதல் ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்று சபையறியக் கேட்டார். இன்று மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் சோடாக் கிளாஸைத் தூக்கினால் அவளும் அதையே கேட்கிறாள். சில நாள் உண்மையிலேயே சொல்ல ஏதாவது இருக்கும். அன்றைக்குச் சோடாவைத் தொடாமல் பச்சைத்தண்ணீரோடு எழும்பிவிடுவேன்.