மாமனார் முதுகில் இருந்த காற்று

ஒருவனைக் கெடுக்க வேண்டுமானால் திட்டத் தேவையில்லை. "உங்க கையில என்னமோ இருக்குதுங்க" என்று நாலு பேர் பாராட்டினால் போதும். என்னை அப்படித்தான் கெடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் எனக்கு மண் பிசைகிற வேலை. களிமண்ணை அழுத்தி, மடித்து, தூக்கிப் பலகையில் அறைந்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். துளிக் காற்று தங்கினாலும் பொம்மை சூளையில் வெடித்துவிடும். (பிள்ளையார் வெடித்தால் பாவம் வேறு.) அச்சு தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் சாயங்காலம் என் முன்னால் குப்புறப் படுப்பார்கள். பிடித்துவிடுவேன். "அப்பாடா" என்று எழுந்து போவார்கள்.

எனக்குத்தான் அப்பாடா இல்லை. கல்யாணமாகியும் நான் பிரம்மச்சாரி. ஆடிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போன என் மனைவி தனம், ஆடி முடிந்தும் அங்கேயே இருந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. இடமில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, தம்பிகள், தையல் மிஷின். தனி வீடு பிடிக்கிற வருமானம் மண்ணில் வராது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போவேன். பூவராகப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்காருவேன். சுற்றிலும் ஆட்கள். தனம் காபி கொண்டுவந்து வைப்பாள். டம்ளரை வாங்கும்போது விரல் படும். அதுதான் அந்த வாரத்துக்கு எங்கள் குடித்தனம். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அடுத்த ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்பாள். பஸ்ஸில் எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருவேன். பின்கண்ணாடி வழியாக அந்தத் தெரு இன்னும் கொஞ்ச நேரம் தெரியும்.

இந்த நிலைமையில்தான் பட்டறையில் கூட வேலை பார்த்த மங்கலம்பேட்டை ரஹீம் பாய் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"தம்பி, பாண்டியில எண்ணெ வைத்தியம் பாக்குற எடத்துல மசாஜுக்கு ஆளு எடுக்குறாங்க. ஆம்பளைங்களுக்கு ஆம்பளைதான் புடிச்சு விடணுமாம். ஆளே கெடைக்கலயாம். தங்க ரூம் தராங்க. அங்கேருந்து அப்படியே துபாய் போயிடலாம், எங்க மச்சான் சொல்றாரு."

துபாய் என் காதில் விழவே இல்லை. 'ரூம்' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். அந்த ரூமுக்கு மனசுக்குள் வெள்ளையடித்து, முருகன் படம் மாட்டி, தனத்தின் புடவையைக் கொடியில் காயப் போட்டும் ஆகிவிட்டது.

மாமனாரிடம் சொன்னேன். நெல் மண்டியில் எடை போடுகிறவர். பேச்சையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"ஊருல கேட்டா என்னான்னு சொல்றது மாப்ள? எல்லாரும் கால புடிச்சு வேல வாங்குவாங்க. எம் மாப்ள, கால புடிக்கிறதையே வேலையா வாங்கப் போறாரா?"

கூடமே சிரித்தது. தனம் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு மாமாவும் நிறுத்திக்கொண்டார். "சரி, நானும் கூட வரேன். எடம் எப்படின்னு பாக்கணும்ல" என்றார்.

போவதற்கு முன்னால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினேன். எங்கள் பக்கத்தில் குறையைத் தாளில் எழுதி அவர் சந்நிதியில் கட்டிவிட்டால் அவரே விசாரித்துத் தீர்ப்பார். 'நானும் என் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ அருள வேண்டும்' என்று எழுதினேன். உருக்கமாக எழுதியதில் வேலையைப் பற்றி எழுத மறந்துவிட்டது.

பாண்டியில் ஒரு டாக்டர் அம்மா. கண்ணாடி, பருத்திப் புடவை, மெதுவான குரல். "செஞ்சு காட்டுங்க, பார்ப்போம். படுக்க யாராவது வேணுமே" என்று சுற்றிப் பார்த்தார்கள். அங்கே சும்மா இருந்த ஒரே உடம்பு மாமாவுடையது.

எதிரே நான் கால் நீட்டிக்கூட உட்காராத மாமனார். அவரை இடுப்பில் ஒரு துண்டோடு மேசையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. (அவரும் என்னைப் பார்க்கவில்லை. முகம் கீழே இருந்தது நல்லதாகப் போயிற்று.) "முருகா" என்று கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டேன்.

முதலில் ஒழுங்காகத்தான் நீவினேன். டாக்டர் அம்மா தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு ரூம் தெரிந்தது, கொடி தெரிந்தது, புடவை தெரிந்தது. மனசு அங்கே போய்விட்டது. கை தனக்குத் தெரிந்த வேலைக்குப் போய்விட்டது. அழுத்தினேன். மடித்தேன். தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி, மேசையில் ஓர் அறை அறைந்தேன்.

"அய்யோ!"

"என்ன பண்றீங்க நீங்க?" என்று டாக்டர் அம்மா எழுந்துவிட்டார்கள்.

பயத்தில் உண்மை வந்துவிட்டது. "காத்து போகணுங்க மேடம். இல்லன்னா சூளையில வெடிச்சுடும்."

மேசையிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"மாப்ள... என்னெ சூளையில வேற வைக்கப் போறீங்களா?"

வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவால் உட்கார முடியவில்லை. பாண்டியிலிருந்து நின்றுகொண்டே வந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். சீட்டு காலியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் கோணலாக நுழைந்தவரை அத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா அனுப்புனேன் மனுசன! நீங்களே கெடுத்தீங்க, நீங்களே இருந்து சரி பண்ணிட்டுப் போங்க" என்று என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

அன்றுமுதல் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காலை பஸ்ஸில் பட்டறைக்குப் போய், சாயங்காலம் திரும்பி, மாமாவுக்கு ஒத்தடம் கொடுத்து நீவிவிடுவேன். எங்களுக்கென்று பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கொடியில் தனத்தின் புடவை. கொளஞ்சியப்பர் பிராதை எழுத்துக்கு எழுத்து படித்திருக்கிறார். எந்தக் கூரை என்று நான் எழுதவில்லையே!

ஒருநாள் பட்டறைக்கு அரைநாள் லீவு. சீக்கிரம் வந்துவிட்டேன். கொல்லையில் மாமா கிணற்றிலிருந்து ஜோராகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டார். கை மெதுவாக இடுப்புக்குப் போயிற்று.

"வந்துட்டீங்களா மாப்ள... யம்மாடி... இன்னும் கொஞ்சம் இருக்குது."

"மெதுவா சரி பண்ணிடலாம் மாமா" என்றேன்.

வீட்டோடு மாப்பிள்ளையா என்று தெருவில் யாராவது கேட்டால், "எம் மாப்ள மசாஜ் டாக்டரு. முதுகுக்கு வைத்தியம் பாக்குறாரு" என்று அவரே சொன்னார். அந்த வலி அடுத்த ஆடி வரை இருந்தது. அந்த ஆடிக்கு, சாஸ்திரப்படி, என்னைத்தான் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இப்போது பாண்டிக்குப் போனால் தெருவுக்குத் தெரு மசாஜுக்கு ஆண்கள் தேவை என்று போர்டு. இதற்கென்றே படித்துவிட்டு வெளிநாடு போகிற பையன்கள் இருக்கிறார்கள். போர்டைப் பார்த்தால் என் விரல்கள் தானாக மடங்கி விரியும். "என்னங்க, காத்து போகணுமா?" என்பாள் தனம். குழந்தை அடம்பிடித்து ஓய்ந்தால், பெரியவர்கள் கோபித்து ஓய்ந்தால், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: காத்து போயிடுச்சு.

கடைசி காலத்தில் மாமாவுக்கு நிஜமாகவே முதுகுவலி வந்தது. எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. மண்ணை மறந்து, பூவைத் தொடுகிற மாதிரி நீவிவிட்டேன்.

"காத்து இருக்குதா பாருங்க மாப்ள."

"இல்லீங்க மாமா. சுத்தமா இருக்குது."

"அப்ப சூளைக்குத் தயார்னு சொல்லுங்க."

தனம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் கையை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்குது மாமா" என்றேன்.