மனமகிழ்ச்சி அறையின் சாவி

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரு கதை சொல்கிறேன். மனசு என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பரிசோதித்து, பாஸ் போட்டு, சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வாசலில் மாட்டிய பெருமை நம் திருப்பூருக்குத்தான். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதனால் பொய் கலக்க மாட்டேன். கலக்கவேண்டிய தேவையும் இதில் இல்லை.

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், சொன்னால் விளம்பரமாகிவிடும். அங்கே நான் ஆயா வேலை பார்த்தேன். தாளாளர் நாச்சிமுத்து ஐயாதான் பக்கத்திலிருக்கும் பனியன் கம்பெனிக்கும் முதலாளி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவரில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்ன கேட். அதன் அருமை பெருமைகளைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. 'மாணவர் மனநலம் பேணும் பள்ளிகளுக்கு' ஐந்து நட்சத்திரம் வரை வழங்கப்படும், ஆய்வுக்கு ஆள் வருவார்கள் என்று அதில் இருந்தது. தலைமையாசிரியை அபிராமி டீச்சர் நடுங்கிப்போனார். மனநலம் என்றால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவேண்டி வருமே, அப்புறம் போர்ஷனை எப்போது முடிப்பது என்பது அவர் கவலை.

நாச்சிமுத்து ஐயா சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், இதுக்குப் போயி வெசனப்படறீங்க. நம்ம பையர் ஆடிட் மாதிரித்தானுங்க இதுவும். ரூம் காட்டோணும், போர்டு காட்டோணும், நாலு பேரைப் பேச வெச்சுக் காட்டோணும். முடிஞ்சுதுங்க."

பையர் ஆடிட் தெரியாதவர்கள் உங்களில் யாராவது இருந்தால் அவர்கள் பாக்கியசாலிகள். நம் பனியனை வாங்கிப் போட்டுக்கொள்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இளகிய மனசு. தைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அன்றைக்கு மட்டும் கக்கூஸில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் குழந்தைகள் காப்பகத்தைத் திறந்து, தொட்டிலில் போடுவதற்கு அக்கம்பக்கத்தில் நாலு குழந்தைகளை இரவல் வாங்கி வருவார்கள். வேலையாட்களுக்கு முந்தின நாளே பாடம் நடக்கும். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வரிசையாக ஒப்பிக்க வைப்பார்கள். இவ்வளவு உயர்ந்த நாகரிகத்தைக் கம்பெனிக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளாமல் கல்விக்கும் வழங்கியவர் நாச்சிமுத்து ஐயா. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஜூலை மாதம் 'மனமகிழ்ச்சி அறை' தயாரானது. நீல சோபா, பிளாஸ்டிக் உறை கழற்றாமல். சுவரில் சிரிக்கிற சூரியன். ஒரு மீன் தொட்டி, மீன் இல்லாமல்; மீன் செத்துப்போனால் பிள்ளைகள் மனநலம் பாதிக்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கதவில் பெரிய எழுத்தில், 'உங்கள் மனதைத் திறந்து பேசுங்கள்.' எழுத்துக்குக் கீழே ஒரு பூட்டு. பூட்டின் சாவி என்னிடம். தினமும் திறந்து, பெருக்கி, துடைத்து, யார் காலும் படாமல் பூட்டிவிட வேண்டும் என்பது உத்தரவு.

ஆலோசகர் இல்லாமல் அறையா? பி.டி. மாஸ்டருக்கு ஓர் அடையாள அட்டை அடித்துக் கொடுத்தார்கள். அவருடைய வைத்தியம் ஒன்றுதான். அழுகிற பிள்ளையை மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொல்வார். மூச்சு வாங்கும்போது யாராலும் அழ முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு, அதில் உண்மையும் உண்டு.

வராந்தாவில் 'மனக்குறைப் பெட்டி' ஒன்று மாட்டினார்கள். முதல் வாரம் பிள்ளைகள் நிறையவே எழுதிப் போட்டார்கள். அபிராமி டீச்சர் அவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, ஆய்வுக்கு ஏற்ற 'ஆரோக்கியமான' குறைகளாக மூன்றை இடது கையால் எழுதி உள்ளே போட்டார். அதில் ஒன்று: 'எனக்கு இன்னும் அதிகமாகப் படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் விடுமுறை விட்டுவிடுகிறார்கள்.'

எட்டாம் வகுப்பில் வேல்விழி என்றொரு பிள்ளை. தெற்கே இருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா கருத்தம்மா கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் வேல்விழி அந்தச் சின்ன கேட்டில் குனிந்து அந்தப் பக்கம் போவாள். எட்டரை வரைக்கும் பனியனில் பிசிறு நூல் வெட்டுவாள். கட்டை விரலில் கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு. மறுநாள் இரண்டாம் பீரியடில், தலைமுடியில் பஞ்சுத்தூசியோடு, கண் திறந்தபடியே தூங்குவாள். இதை நான் பார்த்தேன், டீச்சர்மார்கள் பார்த்தார்கள். 'அமைதியான பிள்ளை' என்று ரேங்க் கார்டில் எழுதினார்கள்.

இன்டர்வெல் மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடும். இவள் மட்டும் மனமகிழ்ச்சி அறைக்கு முன்னால் வந்து, கதவிலிருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

"ஆயாம்மா, இத எப்பத் தொறப்பாக?"

"ஆடிட் அன்னிக்கு கண்ணு."

"அன்னைக்கு உள்ள போனா, எதுனாலும் சொல்லலாமா?"

சொல்லலாம் என்றேன். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். முழுப்பரீட்சை முடிந்ததும் தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, முழு ஷிப்டுக்குக் கம்பெனியில் சேர்க்கப் போகிறார்களாம், பேர் கூட எழுதியாகிவிட்டதாம். தனக்கு ஒன்பதாவது படிக்க வேண்டும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு இருந்த மனக்குறை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

பிப்ரவரியில் ஆய்வு நாள் வந்தது. நாலு பிள்ளைகளைப் பேசவைக்கத் தேர்வு செய்தார்கள். குறையே சொல்லாத பிள்ளை என்பதால் வேல்விழி பெயர் முதலில் நின்றது. பி.டி. மாஸ்டர் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். மகிழ்ச்சியாக இருக்கிறாயா, ஆமாம் மேடம். ஆசிரியர்கள் அன்பாக இருக்கிறார்களா, ஆமாம் மேடம். விசில் ஊதினால் அடுத்த கேள்வி.

ஆய்வுக்கு வந்தவர் பெயர் அனுப்ரியா. சின்ன வயசு, இனிமையான குரல், கையில் பெரிய கைப்பேசி மாதிரி ஒன்று. நாச்சிமுத்து ஐயா அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்; நான் அறைக்குள் மூலையில் தண்ணீர் ஜக்கோடு நின்றேன். அந்த அம்மா நல்ல மனசோடுதான் ஆரம்பித்தார். கேள்விப் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தனக்குப் பக்கத்தில் வரச்சொல்லி மெதுவாகக் கேட்டார்.

"பயப்படாதம்மா. உனக்கு என்ன வயசு?"

பட்டியலில் இல்லாத கேள்வி. வேல்விழியின் கை இரண்டும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. கண் சுவரிலிருந்த சூரியன் மேல் குத்திட்டது. ஒரே மூச்சில் சொன்னாள்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு மேடம். ஆதாரு மேனேஜர்ட்ட இருக்கு. வேலை எட்டு மணி நேரந்தான். யாரும் வைய மாட்டாக. நானா விருப்பப்பட்டுத்தான் இருக்கேன்."

ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், எட்டாம் வகுப்புச் சீருடை. வயது பதினெட்டு.

நாச்சிமுத்து ஐயாதான் முதலில் சுதாரித்தார். "புள்ளைக்கு எப்பவும் தமாசுங்க மேடம்," என்று சொல்லி, அவருக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு டப்பா ஊத்துக்குளி வெண்ணெயை மேஜை மேல் நகர்த்தினார். அனுப்ரியா அம்மாவின் விரல் கைப்பேசியின் மேல் நின்றது. பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கட்டை விரலைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் வெள்ளகோவிலில் இன்னொரு பள்ளியின் மனசைப் பார்த்தாக வேண்டும். "தேங்க்யூம்மா, நீ போகலாம்," என்றார்.

அறிக்கை பத்தே நாளில் வந்தது. மாணவர்களிடம் 'வயதுக்கு மீறிய பக்குவம்' காணப்படுகிறது. பள்ளியைப் பணியிடம் போலவே மதிக்கும் 'பொறுப்புணர்வு' பாராட்டுக்குரியது. ஐந்து நட்சத்திரம்.

ஆனாலும் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. தரத்தில் ஏற்பட்ட குறையை ஆராயக் கூட்டம் போட்டார்கள். பிள்ளை இரண்டு ஆடிட்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் காரணம் என்று கண்டறியப்பட்டது. இனிமேல் கம்பெனிப் பதிலுக்கு நீல அட்டை, பள்ளிக்கூடப் பதிலுக்கு மஞ்சள் அட்டை என்று தீர்மானமாயிற்று. கருத்தம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். சேலை முந்தானையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றாள்.

"ஏனம்மிணி, புள்ளைக்கு ஊட்டுல ஒழுங்காச் சொல்லித் தர்றதில்லையா?" என்று கேட்டார் நாச்சிமுத்து ஐயா.

"நாந்தாங்கய்யா சொல்லிக் குடுத்தேன்," என்றாள் கருத்தம்மா. "யாரு வந்து என்ன வயசுன்னு கேட்டாலும் இதையே சொல்லுன்னேன். நல்லதுக்காகவும் அந்தக் கேள்விய கேப்பாகன்னு எனக்குத் தெரியாதுய்யா."

இதை நீல அட்டையில் சேர்ப்பதா, மஞ்சள் அட்டையில் சேர்ப்பதா என்று விவாதித்தார்கள். அவளைத் திருப்பி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இன்டர்வெல்லில் வேல்விழி வழக்கம்போல அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஆடிட்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. என்னவோ, கை இடுப்புக்குப் போயிற்று. சாவியைப் போட்டுத் திறந்துவிட்டேன்.

உள்ளே போனாள். சோபாவில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், தூங்கிவிட்டாள். பிளாஸ்டிக் உறையில் கன்னம் ஒட்டிக்கொண்டு, வாயோரம் எச்சில் ஒழுக, இரண்டு பீரியட் தூங்கினாள். விழித்ததும் சட்டென்று எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு யாரு வாராக ஆயாம்மா?"

"யாரும் வரலை கண்ணு. நீதான் வந்திருக்கிற."

அப்போதுதான் அழுதாள். மைதானத்தைச் சுற்றாமல், உட்கார்ந்த இடத்திலேயே அழுது தீர்த்தாள்.

சுவரில் ஒரு போஸ்டர். அதன் அடியில் பிள்ளைகளுக்கான உதவி எண் ஒன்று உண்டு. அலங்காரம் கெடுகிறது என்று அதன் மேல் ஒரு சூரியகாந்தி ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவள் நான்தான். நகத்தால் சுரண்டி எடுத்தேன். நாலே நாலு இலக்கம். என் போனில் அவளே அழுத்தினாள். எதிர்முனையில் எடுத்தவர்கள் முதலில் கேட்டது வயதுதான். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "பதிமூணு," என்றாள்.

மூன்றாம் நாள் அதிகாரிகளோடு ஜீப் வந்தது. அந்தச் சின்ன கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். அது வழியாகக் குனிந்துகொண்டிருந்த பிள்ளைகள் மொத்தம் பதினொன்று. வேல்விழி இப்போது அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் பீரியடில் விழித்திருக்கிறாளாம். கருத்தம்மா வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

நிர்வாகமும் கடமை தவறவில்லை. எனக்கு மெமோ கொடுத்து வேலையை விட்டு அனுப்பியது. குற்றச்சாட்டு மூன்று: மனமகிழ்ச்சி அறையை அனுமதியின்றித் திறந்தது, சோபா உறையில் எச்சில் கறை உண்டாக்கியது, சூரியகாந்தியைச் சேதப்படுத்தியது. அந்த அறையின் வரலாற்றில் ஒரு மனசுக்கு நலம் நடந்த ஒரே நாள் அது, அதற்குத்தான் மெமோ. ஐந்து நட்சத்திரம் இன்னமும் வாசலில் தொங்குகிறது. போகிற வழியில் பார்க்கலாம்.

மெமோவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் ஒரு குற்றம் விட்டுப்போயிருக்கிறது, கண்ணுகளா. அந்தப் பிள்ளை கதவுக்கு வெளியே நின்ற எட்டு மாதமும் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அதற்கு யாரும் எனக்கு மெமோ தரவில்லை.

நல்லது, இருட்டுவதற்குள் ஊடு போய்ச் சேருங்கள். உங்கள் ஊட்டில் அடுப்பு தினமும் எரியட்டும், சோறு எல்லாருக்கும் எட்டட்டும். உங்கள் பிள்ளை எங்கேயும் குனிந்து நுழையாமல் நிமிர்ந்து நடக்கட்டும். அது 'ஒண்ணுமில்லை' என்று சொல்லும் நாளில், நம்பாமல் இரண்டாவது தடவை கேட்கிற ஓர் ஆள் அந்த ஊட்டில் எப்போதும் இருக்கட்டும்.