எந்த மொழியிலும் இல்லாத பெயர்

மகள் பிறந்து ஐம்பத்தைந்து நாளாகியும் அமலனுக்கு ஒரு பெயர் அகப்படவில்லை. அறுபது நாளுக்குள் பிறப்பைப் பதிந்தாக வேண்டும்.

மனைவி ஸ்டெஃபனி ஆஸ்பத்திரியிலேயே 'நிலா' என்று சொல்லிவிட்டாள். அவன்தான் விடவில்லை.

"மலாய்ல நிலான்னா துணிக்குப் போடுற நீலம். ஸ்கூல்ல ஓட்டியே கொன்னுடுவாங்க."

"அப்ப நீங்களே தேடுங்க லா."

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. மலாயில் 'அமலான்' என்றால் பழக்கவழக்கம். கோலா கெத்தில் ஊர்ப் பள்ளியில் ஆசிரியை "பல் துலக்குவது நல்ல அமலான்" என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பே திரும்பி இவன் பல்லைப் பார்க்கும். முப்பது வயதாகியும் அந்த வெட்கம் ஆறவில்லை. தன் மகளுக்கு அது வேண்டாம்.

யோசித்து 'மதி' என்று முடிவு செய்தான். ரப்பர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஹமிட்டிடம் பெருமையாக, "அனாக் சாயா, மதி" என்றான். மலாயில் அதற்கு, என் பிள்ளை செத்துவிட்டது என்று பொருள். அவன் விளக்கி முடிப்பதற்குள் ஒரு வேன் ஆட்கள் துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்டெஃபனி எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்து, கொழுகொழுவென்றிருந்த பிள்ளையைக் காட்டி அனுப்பினாள்.

பிறகு 'ரோஸி'. சாமான் கடை ஆ ஹெங் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய ஹொக்கியன் சீனத்தில் 'சீ' என்றால் சாவாம். பெயரின் வாலிலேயே சாவு இருக்கிறதாம்.

"ஒன்னு போயி ரெண்டு சாவு ஆச்சு ஸ்டெஃபி. நாள் வேற ஓடுது."

"பதறாதீங்க. தேடுங்க."

அவளுக்குக் கவலையே இல்லாதது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. போன மாதம் கிளினிக்குக்கு என்று அவனுடைய அடையாள அட்டையை, ஐ.சி.யை, வாங்கிப் போனபோதும் இதே நிதானம்தான்.

அறுபதாம் நாள் காலை, எங்கும் எந்த அர்த்தமும் இல்லாத ஒரு பெயரைத் தானே கட்டினான். மலாய்க்காரர், சீனர், பாலிங் பக்கத்துச் சயாம்காரர் என்று எல்லாரையும் கேட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினான். கவுண்டரில் இருந்த கைருன்னிசா அவன் ஐ.சி. நம்பரைத் தட்டினார்.

"பேரு ட்ரினோவ்யா. எந்த பாஷையிலயும் அர்த்தம் கிடையாது அக்கா."

கைருன்னிசா திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"உங்க வைஃப் போன மாசமே நிலான்னு பதிஞ்சுட்டாங்க தம்பி. நீங்க கடைசி நாள் வருவீங்களாம், திரும்பிப் போறப்ப பிள்ளைக்கு எம் சைஸ் பம்பர்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."